எடை கூடிய புரோகிராமும் ஏனாத்தூர்ப் பெண்ணும்

தலைமை நாற்காலியைத் தன் நேர்மையால் நிறைத்திருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் மயில்வாகனம் அய்யா அவர்களே! பாவு ஓட்டிப் பழுத்த பெரியவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவைக்கு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! பிள்ளையார்பாளையத்துக் காவேரி உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்!

தறிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஏனாத்தூர் தர்ஷினிக்கு இனி நம் சங்கத்து வேலை தரக் கூடாது என்று இன்று ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. அதை எதிர்க்க வந்திருக்கிறேன். நான் யார்? எவள் தறி நின்றதோ அவள்! எவள் தறியில் ஒரு மணப்பெண்ணின் முகூர்த்தப் புடவை பாதியில் கிடந்ததோ அவள்!

நடந்தது என்ன? மின்சாரம் எகிறியது. என் தறியில் பூ வேலையை நடத்தும் பெட்டிக்குள் இருந்த சிப் கருகியது. அதே அளவில் புதுச் சிப் வாங்கினோம். தர்ஷினி தன்னிடமிருந்த அதே புரோகிராமை ஏற்றினாள். ஏறவில்லை! சிப்பில் இடம் போதவில்லை!

நம் ஊர் எப்படிப்பட்ட ஊர்? பட்டு நூலை எடை போட்டு வாங்கி, சேலையை எடை போட்டுக் கொடுக்கும் ஊர். சேலை கனத்தால் "கஞ்சி ஏத்திட்டியா?" என்று கேட்கும் ஊர். அதே தராசைக் கம்ப்யூட்டருக்கும் தூக்கினோம். "இன்னாத்தையோ கலந்துட்டாப்பா! தறி அடிக்கடி நிக்கட்டும், ரிப்பேருக்குத் தன்னையே கூப்புடட்டும்னு செஞ்சிக்கினு இருக்குது அந்தப் பொண்ணு" என்றார் எங்கள் தெருப் பரசுராமன் அண்ணன். தெருவே தலையாட்டியது.

என்ன அண்ணே முறைக்கிறீர்கள்? நீங்கள் சொன்னதைத்தானே சொன்னேன்! சிரிக்காதீர்கள் தாய்மார்களே, நீங்களும்தான் தலையாட்டினீர்கள்!

அந்தப் பெண் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக் கூடத்திலேயே கம்ப்யூட்டரைத் திறந்தாள். "நான் ஒரு வரிகூட மாத்தலக்கா. கம்பைலரைத்தான் அப்டேட் பண்ணேன்" என்றாள். மனிதர் எழுதியதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலராம். பழைய கம்பைலர் ஒரு வேலையை ஓரிடத்தில் எழுதிவைத்து, வேண்டும்போதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துவரச் செய்தது. புதியதோ, போய்வர நேரமாகிறதே என்று, வேண்டிய இடமெல்லாம் அதையே திரும்பத் திரும்ப எழுதி வைத்தது. வேகம் கூடியது, கூடவே பருமனும் கூடியது!

வாய்ச்சொல்லோடு விட்டாளா? எங்கள் கண்ணெதிரே அதே எழுத்தைப் பழைய கம்பைலரிடம் கொடுத்தாள், அடங்கியது. புதியதிடம் கொடுத்தாள், அடங்கவில்லை. அந்தப் புதியதிடமே "வேகம் இருக்கட்டும், இடத்தைச் சுருக்கு" என்று கட்டளையிட்டாள், பழையதைவிடவும் சிறுத்தது! என் தறி ஓடியது. புடவையும் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தறி ஓடிவிட்டது; பழி நிற்கிறதே! கனத்தைக் கண்டோம், களவைக் கற்பித்தோம்! கலப்படக்காரி என்ற பெயரோடு அவள் நாளை எந்த வீட்டுப் படி ஏறுவாள்? எந்தத் தறியைத் தொடுவாள்? சொல்லுங்கள்!

தர்ஷினி, கடைசி வரிசையில் ஏம்மா குனிந்து உட்கார்ந்திருக்கிறாய்? எழுந்து வா. தப்புச் செய்யாதவள் ஏன் தலை கவிழ வேண்டும்? வா தாயி, மேடைக்கு வா!

அதோ, பரசுராமன் அண்ணன் எழுந்து அவளுக்கு வழிவிடுகிறார்! தலைவர் அவர்களே, இதைவிட எனக்கு வேறு தீர்மானம் வேண்டாம். செவிகொடுத்த சபைக்கு நன்றி. நிமிர்ந்து வருகிறாளே, அந்தப் பெண்ணுக்கு என் வணக்கம்!