நூல் கோத்த எடிட்டர்

பல்லடம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு பெண்ணும் அவளுடைய சீனியரும். ஒரே பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள்.

“புதுசா வர்றவங்களுக்கு, நாம புரோகிராம் அடிக்கற எடிட்டர்ல நூல் கோத்து வெச்சுட்டேனுங்க சார்,” என்றாள் அவள்.

“நூலா?”

“மெனு தெரியற மாதிரி, வழக்கமான பட்டன்லயே சேவ் ஆகற மாதிரி செட் பண்ணிட்டேன்.”

“எதை வேணாலும் மாத்திக்கலாங்கறதுதான் அந்த எடிட்டரோட பெருமையே. அவங்கவங்களே செட் பண்ணிப் பழகோணும். நான் அப்பிடித்தான் கத்துக்கிட்டேன்.”

“பொறவு மாத்திக்கட்டுமுங்க. போன வாரம் சேந்த புள்ள மொத நாளே, அடிச்சதை சேவ் பண்ணத் தெரியாம அழுதுட்டு ஊட்டுக்குப் போச்சு. கீழ தையல் செக்‌ஷன்ல புது டெய்லருக்கு நூல் கோத்த மெஷினைத்தானே குடுக்கறாங்க? மெஷினைக் கழட்டிப் போட்டு, நீயே பூட்டித் தைன்னா சொல்றாங்க?”

“நாளைக்கு அந்த செட்டிங்கையெல்லாம் எடுத்துருவேன்.”

அவள் இறங்க எழுந்தாள்.

“எடுங்க சார். நீங்க நூலை உருவ உருவ நான் கோத்துட்டேதான் இருப்பேன்.”