துவைத்த சால்வை

மூன்று வயதுக் குழந்தை மதியம் கட்டாயம் தூங்க வேண்டும். இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன், ஐயா.

அவளை என்னிடம் வளர்க்கக் கொடுத்தது உங்கள் குழந்தைகள் நல அலுவலகம்தான். பெற்றவள் இரவு வேலைக்குப் போகும்போது குழந்தையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்குப் பகல் வேலை கிடைக்கும்வரை குழந்தை என் வீட்டில் இருக்க வேண்டும், சனிக்கிழமைதோறும் தாயும் மகளும் உங்கள் சந்திப்பு அறையில் பார்த்துக்கொள்ள வேண்டும், அது நல்லபடியாக அமைந்தால் தாயிடமே திரும்பிவிடலாம் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை.

முதலில் காலை பத்து மணிக்குத்தான் வைத்தீர்கள். வாசலிலேயே என் கையை உதறிவிட்டு ஓடுவாள். தாயின் மடியில் ஏறிக் காது மடலைப் பிடித்தாள் என்றால் நேரம் முடியும்வரை விடமாட்டாள். வீட்டுக்கு வந்தால் ஒரே அழுகை. எதை ஊட்டினாலும் துப்புவாள். எனக்கு வயிறு எரியும். குழந்தை படும் பாட்டைப் பார்த்துத்தான்.

அதனால் சந்திப்பை இரண்டு மணிக்கு மாற்றச் சொன்னேன். காலையில் பாட்டு வகுப்பு இருக்கிறது என்றேன். அன்று மாலையே கொண்டுபோய்ச் சேர்த்தும் விட்டேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இரண்டு மணிக்கு அவளுக்குக் கண் சொருகும். அந்த நேரத்தில் யார் தொட்டாலும் கத்துவாள். பெற்றவள் ஒரு பொம்மையை நீட்டினால் தட்டிவிட்டு என் தோளுக்குத் தாவுவாள்.

"என்னை மறந்துட்டாளா அக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"குழந்தைதானேம்மா, போகப் போகச் சரியாயிடும்," என்றேன். பாவம், ஆறுதல் சொல்ல அவளுக்கு என்னை விட்டால் யார் இருந்தார்கள்?

சந்திப்பு அறையைக் கவனித்துக்கொள்ளும் அம்மா ஒரு யோசனை சொன்னார். தாய் போர்த்திய துணியைக் குழந்தையின் படுக்கையில் வைத்தால் அவள் வாசனை மறக்காதாம். அந்தப் பெண் உடனே தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கொடுத்தாள். "துவைச்சிடாதீங்க அக்கா."

அழுக்குத் துணியை எப்படிக் குழந்தையின் முகத்தருகில் வைப்பது? நல்ல சோப்புப் போட்டு இரண்டு தண்ணீரில் அலசினேன். காய்ந்த பிறகு தினமும் இரவில் நான் போர்த்திக்கொண்டு, மதியம் அவளிடம் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு என் காதைப் பிடித்தபடி தூங்கினாள். அந்த மதியங்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

தாய் பகல் வேலைக்கு மாறிவிட்டாள். ஆனால் குழந்தை அவளிடம் ஒட்டவில்லை, சந்திப்பை நிறுத்திவிடலாம் என்று இங்கே பேச்சு வந்தது. நான் வாயே திறக்கவில்லை.

கடைசிச் சந்திப்பன்று மதியம் அறைக்கு வண்ணம் பூச ஆட்கள் வருகிறார்கள் என்று காலையிலேயே வரச்சொல்லிவிட்டார்கள். குழந்தை நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள். தாயைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு நேரே போய் மடியில் ஏறிக் காதைப் பிடித்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டே, குழந்தை கையோடு கொண்டுவந்திருந்த சால்வையில் முகத்தைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல உங்க வாசனைதானே வருது அக்கா."

அறையைக் கவனிக்கும் அம்மாவை நான் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: குழந்தை மதியம் எப்போது தூங்கும்?

ஆமாம் ஐயா, நேரத்தை மாற்றியது நான்தான். சால்வையைத் துவைத்ததும் நான்தான். பெற்றவளைக் குழந்தையின் மனதிலிருந்து எடுத்துவிடப் பார்த்தேன் என்கிறீர்கள். இருக்கட்டும். குழந்தை அழக்கூடாது என்று மட்டுமே நான் நினைத்தேன்.

இப்போது அவள் தாயிடம் இருக்கிறாள். எனக்கும் மாதம் ஒருமுறை அவளைப் பார்க்க அனுமதி கொடுங்கள். காலையில் வைத்தால் நல்லது. மதியம் என்றால் யாரிடமும் வரமாட்டாள். இது நேற்றிலிருந்து நான் போர்த்தியிருக்கும் என் சால்வை. அவள் படுக்கையில் வைக்கச் சொல்லுங்கள். துவைத்துவிட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.