தூதன் சொன்ன தமிழ்

— அப்ப நித்திரையாப் போனீங்கள் எண்டுறீங்கள், றெஜினா அக்கா. ஏழு வருசமா நான் இருந்து தமிழாக்கின நாடகம்.

— ரெண்டு தரம், வின்சன்ட். எழும்பி எழும்பித்தான் வாசிச்சு முடிச்சனான். அந்த ராணி வாயைத் திறந்தால் எனக்கு அகராதி தேட வேண்டிக் கிடக்கு. ‘அந்தோ, யான் என்செய்கோ’ எண்டு எந்த மனுசி அழுவாள், சொல்லும் பாப்பம்?

— கிரேக்கத் துன்பியல் எல்லே அக்கா, ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசப் பழசு. கொஞ்சம் மிடுக்காய்க் கிடக்கட்டும் எண்டுதான்.

— நீர் கிரேக்கம் படிச்சனீரோ?

— எங்கை. பிரெஞ்சிலயிருந்துதான். அந்தப் பிரெஞ்சும் துறைமுகத்தில பெட்டி இறக்கேக்க படிச்சது. ‘பின்னுக்கு எடு, காலைப் பார்’ எண்டதைத் திறமாய் மொழிபெயர்ப்பன். போன மாசம் இஞ்ச மொன்றியலில, லாசால் பக்கத்துக் கோயில் மண்டபத்தில வாசிச்சுக் காட்டினன். இருபத்திமூண்டு பேர் வந்தவை. இடைவேளையில தின்ன றோல்ஸ் குடுத்தது என்ர பிழை. பேந்து மிஞ்சினது நாலு பேர். அதில ஒராள் மண்டபத்தைப் பூட்டத் திறப்பு வைச்சிருந்தவர்.

— பகிடியை விடும். என்னட்டை ஏன் கொண்டந்தனீர்?

— தூதன் வாற இடம் சரிவருதில்லை. ராசா செத்துப்போனார் எண்டு ராணிக்குச் சொல்ல ஒருத்தன் வாறான். பதினொரு தரம் எழுதிக் கிழிச்சிட்டன். அவன் வாயெடுத்தவுடனை எனக்குச் சன்னதம் வந்திடுது. அம்பது வரி அலங்காரம்.

— செத்தவனைப் பற்றிச் சொல்ல வந்தவன் அம்பது வரி கதைப்பானோ? நீர் எத்தினை வரி கதைச்சனீர்?

— அக்கா, அதை விடுங்கோ.

— பன்ரெண்டு வருசமா விட்டுத்தானே இருக்கிறம். என்ர மனுசன் லொறியோடை பனியில சறுக்கின அண்டைக்கு, பொலிஸ் பொம்பிளையோடை என்ர வாசலில வந்து நிண்டது நீர்தானே.

— உங்களுக்குப் பிரெஞ்சு பிடிபடாது எண்டு அருமைராசா அண்ணை வேலையில சொல்லுறவர். அதாலதான் அவையோடை நான் வந்தனான். அவ சொன்னதை அப்பிடியே தமிழில சொல்லோணும். அண்ணை செத்துப்போனார் எண்டு ஒரே ஒரு வரி. எனக்கு வாய் வரேல்லை. ‘அண்ணைக்குக் காயமாம், ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ’ எண்டன். மொழிபெயர்ப்பாளன் எண்டு மொன்றியல் முழுக்கச் சொல்லித் திரியிறன், என்ர முதல் மொழிபெயர்ப்பே பொய். அதாலதானே நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில விழுந்தனீங்கள். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனான் அக்கா. நாடகம் ஒரு சாட்டு.

— நான் அப்ப கார்டெறியில பிரெஞ்சுப் பிள்ளையள் பாக்கிற வேலைக்குப் போய் ஒரு வருசம், வின்சன்ட். பிரெஞ்சு கதைக்கத்தான் வெக்கம். கேட்டால் விளங்கும்.

— அப்ப, அவ சொன்னது?

— முழுக்க விளங்கினது. ஆஸ்பத்திரி வருமட்டும், நீர் தமிழில சொன்னதைத்தான் நான் நம்பினனான்.