கண்ணுக்குள் ஒரு லயம்

எல்கடுவ பஸ் செக்பொயின்ட்டில் நின்றது. முன் இருக்கையில், கண் கிளினிக்குக்குப் போகும் பெண், பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னார்:

"என் மக கெம்பஸ்ல ஓட்டையப் பத்திப் படிக்குது."

"நம்ம கூரையிலயே ஏராளமா இருக்கே அக்கா."

"இது கண்ணுக்குள்ள. செல்லுங்க, நம்ம தோட்டத்து லயத்துல வரிசையா இருக்கிற காம்பரா மாதிரி, ஒரே சுவரா ஒட்டியிருக்காம். நடுவுல பொடி ஓட்டைங்க. ஒரு செல்லு செத்தா, அடுப்புப் புகை மாதிரி அதோட நஞ்சு அந்த ஓட்டை வழியா பக்கத்துச் செல்லுக்கும் போகுதாம். என் கண்ணும் அப்படித்தான் மங்குதான்னு பாக்குது."

"அடைச்சிட்டாப் போச்சு."

"அடைச்சா நல்ல சத்தும் போகாதாம். எப்ப அடைக்கணும்னுதான் தேடுது."

"உங்க பார்வை போறதுக்குள்ள கண்டுபிடிச்சிருமா?"

"எனக்குப் பிந்தினா என்ன? யாரோட கண்ணோ பொழைக்கும். அது லயத்துப் புள்ள செஞ்ச வேலைன்னு ஊரு சொல்லும்ல."