புகைபோக்கியின் மேல் ஒரு வலை

இந்த அறையின் கணப்பு அடுப்புக் குழாயை யாரோ தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், ஐயா. ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நுழைகிற முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். இங்கே மேல்நோக்கி இருக்கிறது. அதனால்தான் மூட்டு வழியாகக் கரித்தண்ணீர் வழிந்து உங்கள் சுவரில் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அது திரும்ப வரும். ஒரு திருப்புளி கொடுத்தால் கால் மணி நேரத்தில் சரிசெய்துவிடுவேன் என்றேன். சிரித்துக்கொண்டே பேனாவைத்தான் கொடுத்தீர்கள். சரி, எழுதுகிறேன்.

என் தொழில் பழைய கணப்பு அடுப்புகளை வாங்கிச் செப்பனிடுவது. புதியது வாங்க முடியாதவர்களும் குளிரில்தானே இருக்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் கதவு தொங்கிக்கொண்டு, உள்செங்கல் பிளந்து, துரு ஏறிக் கிடப்பதைத் தள்ளுவண்டியில் ஏற்றி வருவேன். முதலில் கதவு. அதன் ஓரத்தில் ஒரு தடித்த கயிறு ஓடும், நெருப்புக்கு அசையாதது. ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்ப்பேன். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு செத்துவிட்டது என்று அர்த்தம். கிழிந்து வந்தால் கதவு நல்ல கதவு. வாங்குகிறவர்களுக்கு விறகும் நானே பார்த்துத் தருவேன். இடித்த வீடுகளின் உத்தரம், சரக்குப் பெட்டிப் பலகை, எல்லாவற்றிலும் ஆணி பிடுங்கி, சாயம் பூசியதை ஒதுக்கி, இரண்டு துண்டுகளைத் தட்டிப் பார்ப்பேன். காய்ந்த மரம் கணீரென்று கேட்கும். ஈரமரம் ஊமை.

என் கை சும்மா இருக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்து உங்கள் ஜன்னல் கொக்கியை நிமிர்த்திவிட்டேன். வாசலில் நிற்கும் காவலர் முறைக்கிறார். அவரிடம் சொல்லுங்கள், ஓடுவதற்காக அல்ல, அது கோணலாக இருந்தது.

எங்களுக்கு அம்மா சீக்கிரம் போய்விட்டாள். என்னை வளர்த்தது அக்கா. கல்யாணமாகிப் போனபோது என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அத்தான் பேருந்து ஓட்டியவர். முகம் சுளிக்கவில்லை. கொல்லைப்புறக் கொட்டகையை ஒழித்து, "மாப்ள, இது உன் ராஜ்ஜியம். எங்க வீட்டுக்குள்ள மட்டும் துருவைக் கொண்டுவராதே" என்றார். முப்பத்தோரு வருடம் அந்த ராஜ்ஜியத்தில் இருந்தேன். அவரைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் கொஞ்சம் கிண்டல் செய்வார், அவ்வளவுதான். குறட்டை விடுவார்.

போன வருடம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அக்கா மகன் பெரிய ஊரில் அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்திருந்தான். அங்கே சுவருக்குள்ளேயே வெந்நீர்க் குழாய் ஓடுமாம், தானாகவே சூடாகுமாம். அத்தான் படத்தைக் காட்டினார். நான் எல்லா அறைகளையும் பார்த்தேன். ஒரு புகைபோக்கிகூட இல்லை.

"உனக்கும் ஒரு ரூம் இருக்கு மாப்ள" என்றார். "வீட்டை வித்துட்டு மூணு பேரும் போயிடலாம். விறகு வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம். நீயும் எத்தனை நாள்தான் இரும்போட மல்லுக்கட்டுவே? வந்து நிம்மதியா உக்காரு."

"அங்க நான் என்ன அத்தான் செய்வேன்?"

"ஒண்ணும் செய்யாதேங்கறேன். அதுதானே சுகம்."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழச் சொல்லும், எழுந்தால் நடக்கச் சொல்லும். சரியாக இருந்த அடுப்புகளைக்கூடப் பிரித்து மறுபடி மாட்டினேன். அந்தப் படத்து அறையில் நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணை மூடினால் தெரிந்தது. ஆனால் நான் யோசித்ததெல்லாம் அக்காவைப் பற்றித்தான். அவளுக்கு வறட்டு இருமல் உண்டு. குழாய்ச் சூடு காற்றை உலர்த்திவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவளுக்கு விறகுச் சூடுதான் ஒத்துக்கொள்ளும். அவளிடம் கேட்டீர்களா என்கிறீர்கள். அக்காவுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியாதா?

குளிர் தொடங்கும் முன்பு வழக்கம்போல வீட்டுப் புகைபோக்கியைச் சுத்தம் செய்தேன். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மேலே போய்ப் பார்த்தால் உச்சியில் இருந்த பழைய கம்பி வலை துருப்பிடித்துக் கிழிந்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வந்து, கொட்டகையில் மிச்சமிருந்த புது வலையை வெட்டி, ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து, மறுபடி ஏறி எட்டு இடத்தில் கம்பி முறுக்கி இறுக்கினேன். நல்ல வேலை. யாரும் பார்க்கப்போவதில்லை, அக்காவிடம்கூடச் சொல்லவில்லை, ஆனாலும் நல்ல வேலை.

மூன்று வாரம் கழித்து வீட்டைப் பார்க்க ஆள் வருவதாகப் பேச்சு வந்தது. வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்றார் அத்தான். அதற்கு முந்தைய நாள் வியாழக்கிழமை.

வியாழன் மதியம் அக்கா தையல் வகுப்புக்குப் போவாள். அத்தான் சாப்பிட்டுவிட்டு அடுப்பு இருக்கும் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். வேறொரு வீட்டுப் புகைபோக்கியிலிருந்து நான் எடுத்த ஒரு பறவைக்கூடு கொட்டகையில் கிடந்தது. நல்ல பெரிய கூடு, சுள்ளியும் பஞ்சுமாக. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதைக் குழாயின் அடிவளைவில் வைத்து மூடினேன். அடுப்பில் விறகு எரிந்து முடிந்து தணல் மட்டும் கனிந்திருந்தது. தணலில் புகை தெரியாது, வாடையில்லாத விஷக்காற்றுதான் அறைக்குள் நிறையும். ஜன்னல் இடுக்குகளை நானே போன வாரம் கம்பளித் துண்டு வைத்து அடைத்திருந்தேன். அது அந்த நோக்கத்தில் அல்ல. சூடு வீணாகக் கூடாதே என்று.

பிறகு கொட்டகைக்குப் போய் ஒரு கதவுக் கீலைப் பிரித்தேன். அரை மணி நேரமிருக்கும். அத்தான் கதவைத் திறந்து கூப்பிட்டார்.

"மாப்ள, தலை கனமா இருக்குடா. ஒரு டீ போடேன்."

போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார். முகம் நன்றாகச் சிவந்திருந்தது.

"ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டுமா?"

"வேண்டாம் அத்தான், சூடெல்லாம் போயிடும். படுங்க, சரியாயிடும்."

"நீ சொன்னா சரிதான்" என்று படுத்தார். போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டேன். கதவைச் சாத்தினேன். அந்தக் கதவும் நான் செப்பனிட்டதுதான், ஓசையே வராது. திரும்பிப் போய்க் கீலை முடித்து, இன்னொரு அடுப்புக்குக் கயிறும் ஒட்டினேன். பல வாரத்துக்குப் பிறகு மனசு ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தது.

அக்கா சாயங்காலம் வந்துதான் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

தீயணைப்புக்காரர்கள் கூட்டைக் கீழிருந்து இழுத்தார்கள். பக்கத்து மரத்திலிருந்து காற்றில் விழுந்திருக்கும் என்று அவர்களே சொன்னார்கள். ஒருவரும் கூரை ஏறவில்லை. சிலர் என்னை ஒரு மாதிரி பார்த்தபோது அக்காதான் எனக்காகப் பேசினாள். "மேலேருந்து விழுந்ததுக்கு அவன் என்ன பண்ணுவான்? அவனே இடிஞ்சுபோய் நிக்கறான்" என்றாள். வீட்டைப் பார்க்க யாரும் வரவில்லை. இரண்டு வாரம் நானும் அக்காவும் அடுப்பும் மட்டும் இருந்தோம். மறைக்க மாட்டேன், நன்றாக இருந்தது.

அப்புறம் ஒரு காலையில் அக்கா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். ஒரு போர்வையைக் கையில் பிடித்தபடியே கூரையைப் பார்த்து நின்றாள்.

"மேல என்னடா பளபளன்னு மின்னுது?"

நான் கொட்டகை வாசலில் விறகு தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுதான் மாட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள், ஏன் சொல்லவில்லை என்று. ஐயா, வேலையைப் பற்றி ஒருவர் விசாரித்தால் எனக்குப் பொய் வராது.

"குளிருக்கு முன்னாடி மாட்டின வலைக்கா. நீதானே ஏணி பிடிச்சே. எட்டு இடத்துல முறுக்கியிருக்கேன். குருவி முட்டை கூட உள்ள விழாது."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஈயாடவில்லை. போர்வை மண்ணில் விழுந்து கிடந்தது. எடுத்து உதறிக் கொடியில் போட்டேன். அவள் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி உங்கள் நிலையம் இருக்கிற பக்கம் நடந்தாள். நான் ஓடவில்லை. அடுப்புச் சாம்பலை அள்ளி, தட்டைத் துடைத்து, நீங்கள் வரும்வரை விறகை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆக, என் அத்தானைக் கொன்றது நான்தான். தெரிந்து, நாள் பார்த்து, என் கையால் செய்தேன். அக்காவுக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவள் மகனோடு அந்த அடுக்குமாடிக்கே போய்விட்டாள் என்று காலையில் சொன்னீர்கள். இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன், விட்டுப்போய்விட்டது. அடுப்பு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்டேன். உங்கள் கிடங்கில் கிடக்கிறது என்றீர்கள்.

அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், ஐயா. அதில் ஒரு குறையும் கிடையாது. இந்த அறையில் கொண்டுவந்து மாட்டி, குழாயை நான் சொன்ன மாதிரி வைத்துப் பற்றவையுங்கள். பத்தே நிமிடத்தில் சூடாகிவிடும், நிம்மதியாகத் தூங்கலாம்.