தோற்கத் தெரியாத கால்கள்

எண்பத்து நான்காம் ஆண்டு. ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியபோது, முன் இருக்கையில் ஓட்டப் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளை தன் தமக்கையைக் கேட்டாள்.

"அக்கா, ஆருக்கும் தெரியாமல் எப்பிடித் தோக்கிறது?"

"ஏனடி, வெல்லத்தானே போறாய்?"

"இண்டைக்கு வெண்டால் அடுத்த போட்டிக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவினம். போன வருசக் கலவரத்திலை அப்பாவின்ரை கடையை எரிச்ச இடம்."

தமக்கை குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப கடைசி வளைவிலை மெதுவா ஓடு. கால் சுளுக்கிப்போச்சு எண்டு சொல்லு."

"ஏலாது அக்கா. பயம் வந்தால் என்ரை கால் சொல்லுக் கேளாது. இன்னும் வேகமாத்தான் ஓடும்."

"இப்ப பயமா இருக்கோ?"

"ஓம் அக்கா. சரியான பயம்."