விம்பிள் ஆற்றின் பித்தளை ஆணி

மழையில் நனைந்தால் எனக்கு உடனே சளி பிடித்துக்கொள்ளும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். விசாரணைக்கு இது எதற்கு என்று ஐயாமார் முகம் சுளிக்கிறீர்கள். ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால், நான் ஏதோ கெட்ட எண்ணத்தோடு நடந்துகொண்டவன் போலத் தோன்றிவிடும்.

என் பெயர் ஆமோஸ் டட்டில். பட்டில்காம் ஊரின் லாக் காவலன். என் மனைவி ஹெஸ்டர் பக்கத்து அறையில் போலீஸ்காரரோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குச் சிறையா விடுதலையா என்று இன்று முடிவு செய்யப்போகிறீர்கள். அதனால் எதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

உங்களில் ஒருவர் ரயில்வேயிலிருந்து வந்தவராம். அவருக்காக ஒரு வார்த்தை. ஆற்றின் குறுக்கே அணை இருக்கிறது. அதற்கு மேலே தண்ணீர் உயரம், கீழே பள்ளம். பக்கத்தில் கதவு வைத்த ஒரு பெரிய கல் தொட்டி. படகை அதற்குள் விட்டுக் கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்பினால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். அதுதான் லாக். என் தாத்தா காலத்தில் இந்த நாகரிகமெல்லாம் கிடையாது. அணையில் ஒரு வாயைத் திறந்துவிடுவார்கள். ஆறு பிய்த்துக்கொண்டு ஓடும், படகும் அதோடு போய் விழும். திறப்பதும் திறக்காததும் அந்தத் தண்ணீர் விசையில் மில் ஓட்டிய மாவு மில்காரர் இஷ்டம். படகுக்காரர்கள் வாரக்கணக்கில் கரையில் கிடந்து, குடித்து, ஒருவரையொருவர் அடித்து, சலித்துப்போய் ஒருநாள் மில்காரரையே அந்த வாய் வழியாக அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆற்று வாரியம் வந்தது, லாக் வந்தது, ஒழுங்கும் வந்தது.

ஒழுங்கு என்றால் ஆணி. அணைக்கு மேலே நிற்கும் அளவுக் கம்பத்தில் வாரியம் ஒரு பித்தளை ஆணி அடித்திருக்கிறது. தண்ணீர் எப்போதும் அந்த ஆணியைத் தொட்டு நிற்க வேண்டும். ஏறினால் காவலன் போய் அணையின் பலகைகளை உருவ வேண்டும். இறங்கினால் திரும்பச் செருக வேண்டும். ஆணி தப்பினால் வேலை போகும், வேலையோடு லாக் வீடும் போகும். தண்ணீர் ஏறுவது மழை பெய்யும்போது மட்டும்தான் என்பதை விதி எழுதியவர் யோசிக்கவில்லை. அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதியிருப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதம் மழை விடவே இல்லை. நான் கஷாயம் குடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தண்ணீர் ஆணிக்கு மேலே ஒரு விரல் ஏறியிருந்தது. பலகை ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். ஆணியோ கட்டைவிரல் அளவுதான். அறிவுள்ளவன் எதை நகர்த்துவான் என்று உங்களையே கேட்கிறேன். மழை விட்டதும் ஒரு சுத்தியலோடு போய், நனையாமல் வேலையை முடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் வாரியத்தின் கண்காணிப்பாளர் கேப்டன் வைன் வந்தார். கடற்படையில் இருந்தவர். படகை விட்டு இறங்க மாட்டார், தொலைநோக்கியால் பார்ப்பார். தண்ணீர் ஆணியை முத்தமிட்டுக்கொண்டு நிற்கிறது என்று மெச்சினார். மற்ற லாக்குகளில் ஒன்று கூடும், ஒன்று குறையும். என்னுடையதில் மட்டும் எப்போதும் அச்சுப் போல நின்றது. ஒரு விரல் நகர்த்தியாகிவிட்டது, இனிச் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன். வாரியம் எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. ஹெஸ்டர் அதைத் தினமும் துடைத்து வைத்தாள்.

முதலில் புகார் சொன்னவன் ஜோப் லார்க்கம். நிலக்கரிப் படகு ஓட்டுகிறவன், வாய் நீளம்.

"யோவ் டட்டில், ஊர்ப் பாலம் எறங்கிப்போச்சுய்யா. போன வருஷம் நின்னுக்கிட்டுப் போனேன். இப்பக் குப்புறப் படுத்துக்கிட்டுப் போறேன். அடுத்த வருஷம் மீனாத்தான் போவணும் போல."

நான் இதை முறைப்படி வாரியத்துக்குத் தெரிவித்தேன். பாலம் இறங்கிவிட்டது என்று ஒரு படகுக்காரர் சொல்வதாகத் தெரிவித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பிறகு புல்வெளி இறங்கியது. ஆடுகள் முட்டி நனைய மேய்ந்தன. பாதிரியார் மிஸ்டர் ஃபென்விக் முழுக்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு பிரசங்கம் செய்தார். ஊரே திரண்டு வந்து, டட்டில் தண்ணீரை ஏற்றிவிட்டான் என்று கேப்டனிடம் கூச்சலிட்டது. அவர் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தார், மடக்கினார். அவர் சொன்ன பதில் எனக்கு இன்றும் மனப்பாடம்.

"தண்ணி இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு. அப்போ ஊர்தான் இருக்க வேண்டிய எடத்துல இல்ல."

உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவ்வளவு படித்தவர் சொன்னால் அதில் ஏதாவது இருக்கும்.

தலைநகரத்திலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்து வந்தார்கள். பட்டில்காமின் அடியில் களிமண், அதனால் ஊர் தன் பாரத்தாலேயே அமிழ்கிறது, பாரத்தைக் குறைத்தால் நின்றுவிடும் என்றார். மக்கள் ஒத்துழைத்தார்கள். தேவாலய மணியைக் கழற்றி வண்டியில் ஏற்றி மேட்டிலிருக்கும் பக்கத்து ஊருக்கு அனுப்பினார்கள். பியானோக்கள் போயின. கசாப்புக் கடைக்காரர் தம் மாமியாரையும் மணியோடு அனுப்பிவைத்தார். ஆனாலும் மழைக்கு மழை ஊர் இறங்கிக்கொண்டே இருந்தது. ஊர் நிற்கவில்லையே என்று எல்லோரையும் போல நானும் கவலைப்பட்டேன்.

ஆணியை நான் நகர்த்துவதை ஹெஸ்டர் ஒருநாள் பார்த்துவிட்டாள். தேநீர் எடுத்துக்கொண்டு வந்தவள் கோப்பையோடு அப்படியே நின்றாள். நான் பொறுமையாக விளக்கினேன். வாரியம் கேட்பது தண்ணீரும் ஆணியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைத்தான், எது எதனிடம் போக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை என்றேன். வீடு போய்விடுமே என்ற பயம் அவளுக்கும் இருந்தது. கோப்பையோடு திரும்பி உள்ளே போனாள். பதக்கத்தைத் துடைப்பதை மட்டும் அன்றோடு நிறுத்திவிட்டாள்.

அவளுடைய தங்கை டார்க்கஸ் கீழ்த்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள். கல் அடுப்பு, அந்த வட்டாரத்திலேயே பெரியது. ஊரில் மிச்சமிருக்கும் பாரம் அதுதான் என்று பேராசிரியர் தீர்ப்புச் சொல்ல, பாறை உடைக்கிறவர்கள் வந்து அதைத் தகர்த்தார்கள். டார்க்கஸ் முட்டளவு தண்ணீரில் நின்று, அடுப்பின் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தக் கல்லையும் ஊருக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதைப் பார்த்த ஹெஸ்டர் வீட்டுக்கு வந்து பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் அணைமேல் ஏறினாள். நான் வாசலில் நின்று, சளி பிடிக்கும் என்று சொன்னேன். அவள் பலகைகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டாள். நான் வருஷக்கணக்கில் தொடாத பலகைகள் அவை.

மறுநாள் காலையில் ஊர் எழும்பியிருந்தது. தெருக்கள் தெரிந்தன. பாலத்துக்கு அடியில் ஜோப் லார்க்கம் நின்றுகொண்டே போனான், தொப்பியைக் கூடக் கழற்றவில்லை. தண்ணீர் வாரியம் முதன்முதலில் குறித்த இடத்துக்கே இறங்கிவிட்டது. என் ஆணி மட்டும் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் தனியாக நின்றது. அதற்குக் கீழே பழைய ஓட்டைகள் புல்லாங்குழலில் இருப்பது போல வரிசையாகத் தெரிந்தன. கேப்டன் வந்து அவற்றைப் பற்றிக் கேட்டார். மரங்கொத்தி என்றேன். அவர் பறவைப் பிரியர். எந்த வகை என்று மட்டும் விசாரித்துவிட்டு, தண்ணீரை ஆணிக்குக் கீழே இறக்கிய குற்றத்துக்காக ஹெஸ்டரைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார்.

கேப்டனுக்குத் தகவல் சொன்னது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். பொழுது விடிந்ததும் தந்தி அலுவலகத்துக்கு நடந்தேன். வழி காய்ந்திருந்தது.

நான் தந்தி கொடுக்கக் கிளம்புவதற்கு முன் ஹெஸ்டர் என்னிடம் ஒன்று கேட்டாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வாழ்க்கையில் முதன்முறையாகக் கெஞ்சிக் கேட்டாள்.

"ஆமோஸ், அந்த ஆணியப் பிடுங்கிப் பழைய எடத்துலயே அடிச்சிரு. தண்ணி அங்கதான் நிக்குது. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. வீடும் போகாது, நானும் ஜெயிலுக்குப் போகமாட்டேன்."

சுத்தியல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மழையும் விட்டிருந்தது. அவள்மேல் எனக்கு அன்பு இல்லாமல் இல்லை, ஐயா. இந்தப் பெண்பிள்ளையோடு நல்லபடியாக வாழ்ந்திருக்கிறேன். அதனால்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவளிடம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: கட்டிய மனைவிக்காக என்றாலும் வாரியத்தின் ஆணியை இடம் மாற்றுகிற ஆள் நான் இல்லை.